சொந்த மீனும் வந்த மீனும்

ஒரு நாட்டின் நீர்வளத்தை அறிதற்கு அந்நாட்டு மக்கள் தம் மீன்களுக்கு இட்டு வழங்கும் பெயர்களே போதிய சான்றாகும். தமிழ் மக்கள் நன்னீரில் வாழ்வனவற்றை வாளா 'மீன்' என்று கூறி அமைந்தாரல்லர். வாளை, வரால், கெண்டை, கெளுத்தி, ஆரல், அயிரை, குறவை, உளுவை என, உடலும் உறையுளும் இயல்பும் நோக்கி வெவ்வேறு பெயரிட்டனர். பத்துப்பாட்டின் இறுதியில் நிற்கும் மலைபடுகடாம், திருவண்ணாமலை வட்டாரத்துச் செங்கத்தில் இருந்தாண்ட நன்னனைப் பாடிய நூல். சேயாறு பாயும் அந்நாட்டிற்குக் கூத்தரை ஆற்றுப்படுத்தும் பெருங்கௌசிகனார், வலைஞர் கொணர்ந்த வாளையையும் தூண்டிலிற் பட்ட வராலையும் பெயர் சுட்டிக் கூற மறந்தாரல்லர்.

அவ்வட்டாரத்து மீன்கடைகளில் இன்று மிகுதியாகச் செவிப்படும் பெயர்கள் கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி என்பன. நன்னன் காலத்துப் புலவர் இவற்றுள் ஒன்றையும் கேட்டிருத்தல் இயலாது. புதிய சொற்கள் மொழியில் வந்து சேர்தல் இயல்பே. அதனால் மொழி கெடுவதில்லை. ஆயின் புதிய சொல் வந்த விரைவில் பழைய சொற்கள் நாவினின்று நழுவுமாயின், அச்சொற்கள் குறித்த பொருள்கள் நீரில் இன்னும் உளவோ என வினவுதல் நம் கடனாகும். வேற்று மீன்களை நம் ஆறுகளில் விடுவதனால் விளையும் நன்மை தீமைகளையும், அதனை நெறிப்படுத்தி ஆற்றின் சொந்த மீன்களைக் காக்கும் வழியையும் யாம் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

மூவகை மீன்

நம் நீர்நிலைகளில் இன்று காணப்படும் மீன்களை மூவகையாகப் பகுத்துக்கொள்ளுதல் இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதாகும். முதலாவது, அவ்வாற்றிலேயே தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் சொந்த மீன். இரண்டாவது, நம் தேயத்திலேயே வேறோர் ஆற்றினின்றும் கொணர்ந்து விடப்பட்ட அயலாற்று மீன். மூன்றாவது, கடல் கடந்து வந்த அயல்நாட்டு மீன்.

இவற்றுள் இரண்டாவது வகையே பெரிதும் மயக்கந் தருவது. கட்லா, ரோகு, மிருகால் என்பன இந்திய மீன்களே. ஆயினும் அவை கங்கை முதலிய வடபுலத்து ஆறுகளுக்கு உரியன. தென்பெண்ணைக்கும் காவிரிக்கும் அவை விருந்தினவே. ஆறுகள் தேயப்படத்தில் இட்ட எல்லைகளை அறியமாட்டா. இரண்டு ஆறுகளுக்கு இடையே நிற்கும் ஒரு சிறு மேட்டுநிலம் மீனுக்குப் பெருங்கடலினும் பெரிய தடையாகும். அம்மேட்டின் இருபுறத்தும் பன்னெடுங்காலம் பிரிந்து வாழ்ந்த மீன்கள் வேறு வேறு இனங்களாகப் பிரிந்துவிடுதலும் உண்டு. ஆதலின் 'இந்திய மீன்' என்னும் அடைமொழி ஒன்றே ஒரு மீனை எந்த ஆற்றிலும் விடுதற்கு உரிமைச் சீட்டாகாது.

மீன் விட்ட காரணம்

மீன் விட்டோர் தீயோரல்லர். மக்களுக்கு உணவு பெருக்குதலே அவர்தம் நோக்கம். ஆற்றின் குறுக்கே அணை எழும்பியவுடன் ஓடிய நீர் தேங்குகின்றது. ஓட்டத்தில் வாழப் பழகிய ஆற்றுமீன்களுட் பல அத்தேக்கத்தில் தழைப்பதில்லை. பரந்த நீர்ப்பரப்பு வறிதே கிடத்தல் கண்டு, தேங்கிய நீரில் விரைந்து வளரும் மீன்களைக் கொணர்ந்து விட்டனர்.

காவிரியில் 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை முடிவெய்தியது. அதற்குமுன் கடலினின்றும் ஆற்றில் ஏறிவந்து முட்டையிட்ட உல்லம் என்னும் மீனின் வழி அணையால் அடைபட்டது. வெண்கெண்டை, கருமுழிக்கெண்டை முதலிய காவிரி மீன்கள் அந்நீர்த்தேக்கத்தில் நாளடைவிற் குறைய, வெளியினின்றும் வந்த கட்லா முதலியன மேலோங்கின. இவ்விடத்து ஒன்று நினைவிற் கொள்ளத்தக்கது. சொந்த மீன்கள் குறைந்ததற்கு வந்த மீன்கள் மட்டுமே காரணமல்ல. அணை, சாயக்கழிவு, மணற்கொள்ளை, வெடியிட்டு மீன் பிடித்தல் ஆகியனவும் காரணங்களாம். நோயால் மெலிந்தவன் வீட்டில் வலிய விருந்தினர் புகுந்ததனைப் போன்றதே மீன் விடுதல்.

தென்பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலையிற் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களைக் கடந்து திருவண்ணாமலை மாவட்டத்துட் புகுகின்றது. ஆங்கு 1958ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாத்தனூர் அணை 119 அடி உயரமும் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அந்நீர்த்தேக்கத்தில் மீன் குஞ்சுகளை விடுதலும் பிடித்தலும் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் நடைபெற்று வந்துள்ளன. அணையைக் காண வருவோர் அங்குப் பொரித்த மீனைச் சுவையாது மீளுதல் அரிது.

அயல்நாட்டு மீன்களுள் நம் நாட்டில் மிகப் பரவியது ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவிற்கு உரிய இம்மீன் 1952ஆம் ஆண்டு நம் நாட்டிற்குக் கொணரப்பட்டது. முதலில் வந்திறங்கிய இடங்களுள் மண்டபமும் ஒன்று. ஏழாண்டுகள் கழியுமுன் அதன் பெருக்கத்தைக் கண்டு அஞ்சி, 1959ஆம் ஆண்டு இந்திய மீனாராய்ச்சிக் குழு அதனைப் பரப்புதல் கூடாதெனத் தடுத்தது. தடை ஏட்டளவில் நின்றது. 1960ஆம் ஆண்டுகளின் முடிவில் தமிழ்நாட்டு நீர்த்தேக்கங்களுட் பெரும்பாலனவற்றில் அது முறையாகவே விடப்பட்டு வந்தது. விலக்கிய பொருளை விலக்கியோர் கண்முன்னரே பரப்பிய இச்செய்தி, சட்டத்தினும் அறிவு முந்த வேண்டும் என்பதனை உணர்த்துகின்றது.

கேடு விளையும் வழி

வந்த மீன் சொந்த மீனை நான்கு வழிகளால் நலியச் செய்யும். அதன் இரையைத் தான் உண்ணுதல் ஒன்று. அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னுதல் இரண்டாவது. அதனோடு கலந்து கலப்பினம் தோற்றுவித்தல் மூன்றாவது. தன்னோடு நோயையும் ஒட்டுயிர்களையும் கொணர்தல் நான்காவது.

ஜிலேபிக் கெண்டையின் வலிமை இனப்பெருக்கத்தில் உள்ளது. தாய்மீன் முட்டைகளை வாயினுள் அடக்கிக் காத்து, பொரித்த குஞ்சுகளையும் சில நாள் அவ்வாறே பேணுகின்றது. ஓராண்டிற் பன்முறை ஈனுகின்றது. நம் ஆற்றுக் கெண்டைகளுட் பல, மழைக்காலத்துப் புதுவெள்ளத்தை எதிர்பார்த்து, ஆண்டிற்கு ஒருமுறை முட்டையிட்டு நீரோட்டத்தில் விட்டுவிடுவன. வெள்ளம் பொய்த்தால் அவற்றின் வழித்தோன்றல் அவ்வாண்டிற்கு இல்லை. ஒன்று தன் சேமிப்பை மடியிற் கட்டிக்கொண்டு வாணிகம் செய்ய, மற்றொன்று வானத்தை நம்பி விதைத்தாற்போல்வது இப்போட்டி.

குளத்தில் விட்ட மீன் குளத்தோடு நிற்கும் என்பாரும் உளர். ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழியும். நீரோடு மீனும் செல்லும். ரமணாசிரமப் பகுதியில் அருணாசல மலையினின்றும் இறங்கும் மழைநீர் சிற்றோடைகளாகிக் குளங்களையும் ஏரிகளையும் நிரப்புகின்றது. இவ்வட்டாரத்து ஓடைகளிற் பல துரிஞ்சலாற்றை அடைகின்றன. துரிஞ்சலாறு தென்பெண்ணையிற் கலக்கின்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயல் பொழிந்த மழையால், சாத்தனூர் அணையினின்றும் விநாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேற்றப்பட்டது. அத்தகைய வெள்ளத்தில் எந்த மீன் எந்த நீரைச் சேர்ந்தது என்று யாவர் அறுதியிட வல்லார்? இமாசலப் பிரதேசத்துக் கோவிந்தசாகர் நீர்த்தேக்கத்தில், 1971ஆம் ஆண்டு ஒரு மீன்பண்ணையினின்றும் வெள்ளத்தோடு தப்பிய சீன நாட்டு வெள்ளிக் கெண்டை, பின்னாளில் அங்குக் கட்லாவையும் விஞ்சிப் பெருகியது. ஆதலின் திறந்த நீர்நிலையில் விட்ட மீனை ஆற்றில் விட்ட மீனாகவே கருதுதல் அறிவுடைமை.

காவிரி கற்பித்த பாடம்

இதுகாறும் கூறியது உணவின்பொருட்டு மீன் விட்ட வரலாறு. இனி, மீனைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தாலேயே விளைந்த ஒரு கேட்டினை நோக்குவோம். அது நாம் மிக ஊன்றிக் கற்கவேண்டிய பாடமாகும்.

மகசீர் எனப்படும் யானைக்கெண்டை வகைகளுள், காவிரிக்கும் அதன் துணையாறுகளுக்கும் மட்டுமே உரியது கூன்முதுகும் செம்மஞ்சள் துடுப்பும் உடைய பெருமீன். 1946ஆம் ஆண்டு தூண்டிலிற் பிடிபட்ட ஒரு மீன் 120 இராத்தல் நிறை இருந்ததென்பர். உலகெங்குமுள்ள தூண்டில் வேட்டைக்காரர் அதனைக் காணக் காவிரிக்கு வந்தனர். பிற்காலத்தில் அது குறைந்து வருதல் கண்டு அன்பர் பலர் கவன்றனர்.

அக்காலத்தே மகாராட்டிரத்து லோனாவ்லாவில் டாட்டா மின்சார நிறுவனத்தார் நடத்திய பொரிப்பகத்தில், கிருஷ்ணா ஆற்றுப் பகுதிக்குரிய நீலத்துடுப்பு மகசீர் செயற்கை முறையால் பெருக்கப்பட்டது. அம்மீனும் அருகி வருவதாகவே அந்நாளில் எண்ணப்பட்டது. அதன் குஞ்சுகள் 1970ஆம் ஆண்டுகள் தொடங்கிக் காவிரியிலும் விடப்பட்டன. மகசீர் குறைகின்றது, மகசீரை விடுவோம் என்பதே விட்டோர் கருத்து. இரண்டும் மகசீரே என்பது மெய். இரண்டும் ஒன்றல்ல என்பதும் மெய்.

காவிரிக்கரைத் தூண்டில் முகாம்களில், பிடித்த மீனை அளந்து குறித்துக்கொண்டு மீண்டும் ஆற்றில் விடும் வழக்கம் இருந்தது. 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த அக்குறிப்புகளை ஆராய்ச்சியாளர் பின்னர் எடுத்து நோக்கினர். நீலத்துடுப்பு மீன் ஆண்டுதோறும் பெருகவும், கூன்முதுகு மீன் அரிதாகிக்கொண்டே போகவும் கண்டனர். பிடிபட்ட மகசீர்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் நோக்கியவனுக்கு ஆறு செழித்தாற்போலவே தோன்றியிருக்கும். செழித்தது வந்த மீன். மறைந்தது சொந்த மீன்.

இதனினும் இரங்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. உலகப் புகழ் பெற்ற அம்மீனுக்கு அந்நாள்வரை சாஸ்திர முறையில் உறுதியான பெயரே இல்லை. அது எவ்வினம் என்பது பற்றி அறிஞர் ஒருமைப்படாமையால், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை. 2018ஆம் ஆண்டு, இந்திய, ஆங்கில ஆராய்ச்சியாளர் சிலர் நீலகிரிச் சாரலில் ஓடும் மோயாற்றில் எஞ்சிய மீன்களை ஆராய்ந்தனர். கேரளத்துப் பாம்பாற்று மீனுக்கு முன்னரே இடப்பெற்றிருந்த 'டார் ரேமாதேவியை' என்னும் பெயரே காவிரிப் பெருமீனுக்கும் உரியது என்று அவர் நிறுவினர். பாம்பாறும் அமராவதி வழியாகக் காவிரியைச் சேர்வதே. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்திற் பணியாற்றிய ரேமா தேவி என்னும் மீனியல் அறிஞரின் பெயர் அது. அவ்வாண்டிலேயே அம்மீன் மிகவும் அழிவுறும் நிலையில் உள்ளதெனச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் உறுதியான ஆண்டும் அழிவின் விளிம்பில் நிற்பதாக அறிவிக்கப்பட்ட ஆண்டும் ஒன்றாயின.

பெயரறியாப் பொருளைக் காத்தல் அரிது என்னும் உண்மையை இவ்வரலாறு தெள்ளிதின் விளக்குகின்றது. ஓர் ஆற்றில் எம்மீன் உளது என்று அறியுமுன் அதில் மற்றொரு மீனை விடுதல், ஏட்டைப் படியாமலே பிழை திருத்தப் புகுவதனை ஒக்கும். ஓலைச்சுவடியில் ஒரு சொல் விளங்காதபோது, அதனை அழித்துத் தாம் அறிந்த சொல்லை எழுதிய ஏடெழுதுவோரால் எத்துணைப் பாடங்கள் மறைந்தன என்பதனைத் தமிழ் பயிலும் மாணவர் நன்கறிவர். அவரும் நல்லெண்ணத்தோடுதான் எழுதினர்.

ஏழையின் உணவு

நிற்க. இவற்றையெல்லாம் கூறியபின், வந்த மீன்கள் யாவற்றையும் ஒழித்துவிடல் வேண்டும் என்று முடிபு கூறுதல் எளிது. அம்முடிபு நீதியாகாது. ஜிலேபிக் கெண்டை விலை மலிந்தது. ஏழையின் கலத்தில் ஊனுணவு வைப்பது. நீர்த்தேக்கங்களில் வலை வீசி வாழும் குடும்பங்கள் கட்லாவையும் ஜிலேபியையும் நம்பியே உலை வைக்கின்றன. இலங்கையின் பழைய குளங்களிலும் 1952ஆம் ஆண்டளவில் இம்மீன் விடப்பட்டது. தேங்கிய பெருநீரில் தழைக்கத்தக்க சொந்த மீன்கள் ஆங்குச் சிலவே ஆதலால், அத்தீவின் உள்நாட்டு மீன்தொழிலே பெரிதும் அதனாற் பெருகியது. மீனைக் காக்கும் பேச்சு மீனவரை மறக்குமாயின், அப்பேச்சுக்கு ஆற்றங்கரையிற் செவி கிடையாது.

மறுபுறம், ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950ஆம் ஆண்டுகளில் விடப்பட்ட நைல் பெருமீன் ஏற்றுமதி வாணிகத்தை வளர்த்தது. ஆயின் அவ்வேரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அழிந்தும் அருகியும் போயின. கரையோரத்து மக்கள் காலங்காலமாக உண்டுவந்தவை அச்சிறுமீன்களுள் இருந்தன. ஆதலின் மீன் நன்று அல்லது தீது என்று பொதுப்படக் கூறுதல் பயனில்லை. எம்மீன், எந்நீரில், எவருக்காக என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே கூடையைக் கவிழ்த்தல் வேண்டும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றினின்றும் சில நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஆற்றையும் குளத்தையும் வேறுபடுத்துதல். கலிங்கு வழியாக ஆற்றோடு தொடர்பில்லாத வளர்ப்புக் குளங்கள் மீன்பயிர் செய்யும் வயல்களாகும். ஆங்குக் கட்லாவும் ரோகுவும் வளர்தலால் ஆற்றுக்குக் கேடில்லை. அக்குளங்களின் விளைவு மிகுந்தால் ஆற்றின்மீது விழும் சுமையும் குறையும். ஓடும் ஆற்றிலோ, அதன் தலைநீரிலோ வேற்று மீனை விடுதல் அறவே கூடாது.

இரண்டாவது, சாத்தனூர் போன்ற நீர்த்தேக்கங்களில் வந்த மீன்கள் முன்னரே குடிகொண்டுவிட்டன. அவற்றை முற்றும் களைதல் இயலாது. மிகுதியாகப் பிடித்தல் இயலும். ஜிலேபிக் கெண்டையைச் சிறிதாயினும் பெரிதாயினும் பிடிக்க இசைவு தந்து, முட்டையிடும் பருவத்தில் சொந்த மீன்களைப் பிடியாது விடுமாறு செய்தால், மீனவர் வலையே காவற்கருவியாக மாறும். மீனவர் வருவாயும் குறையாது.

மூன்றாவது, ஆற்றில் மீன் விடுதல் இன்றியமையாததாயின், அவ்வாற்றிற் பிடித்த தாய்மீன்களினின்றும் பொரித்த குஞ்சுகளையே விடுதல். பொரிப்பகங்களின் திறமை இதுகாறும் விரைந்து வளரும் சில இனங்களுக்கே பயன்பட்டது. அத்திறமையை வெண்கெண்டை முதலிய உள்ளூர் மீன்களுக்கும் பயன்படுத்துதல் தகும்.

நான்காவது, பொதுமக்கள் செய்யும் சிறு பிழைகளைத் தவிர்த்தல். கண்ணாடித் தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனைக் கொல்ல மனமின்றிக் குளத்திலோ தீர்த்தத்திலோ விடுவது இரக்கம் போலத் தோன்றும். அந்நீரில் வாழும் சிற்றுயிர்களுக்கு அஃது இரக்கமன்று. கொசுவை ஒழிக்க 1928ஆம் ஆண்டு நம் நாட்டிற்கு வந்த கம்பூசியா என்னும் சிறுமீன், கொசுப்புழுவோடு பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் உண்ணுகின்றது. ஏரிகளிலும் ஓடைகளிலும் அதனை விடாது, நம் நாட்டுச் சிறுமீன்களைப் பேணினாலே புழுக்கள் குறையும். ரமணாசிரமத்தைச் சூழ்ந்த பகுதியில் புலால் உண்ணாதார் பலர். கிரிவலப் பாதையில் நடப்போருட் பலர் உயிர்களுக்கு இரங்குவோர். மீனை உண்ணாதார்க்கும் மீனைக் காக்கும் கடமை உண்டு. துங்கைக் கரையிலுள்ள சிருங்கேரியிலும், காவிரிக்கரை ராமநாதபுரத்திலும், கோயிலருகே ஓடும் நீரில் மீன் பிடித்தலாகாது என்னும் வழக்கத்தால் மகசீர்கள் தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்டு வந்துள்ளன. அவ்வழக்கம் புதிய மீனை விட்டதன்று. இருந்த மீனை இருக்க விட்டது.

ஐந்தாவது, எல்லாவற்றிற்கும் முற்பட்டது, ஆற்றை அறிதல். தென்பெண்ணையிலும் துரிஞ்சலாற்றிலும் சேயாற்றிலும் இன்று எவ்வெம் மீன்கள் உள, எங்கு முட்டையிடுகின்றன, எவை குறைந்தன என்று கணக்கெடுத்து, ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். இஃது விலங்கியல் மாணவர்க்கு மட்டும் உரிய பணியென்று நாம் ஒதுங்கிவிடலாகாது. ஆற்றங்கரையில் வாழும் முதிய மீனவர் நாவில், அகராதிகளில் ஏறாத மீன்பெயர்கள் இன்னும் வழங்குகின்றன. அப்பெயர், அம்மீனின் உருவம், அது தோன்றும் பருவம், அது கடைசியாக வலையிற் பட்ட ஆண்டு ஆகிய நான்கையும் கேட்டு எழுதிவைத்தல் தமிழ் மாணவர் செய்யத்தக்க தொண்டு. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஓர் ஊரின் மீன்பெயர்களைத் தொகுத்துக் கொணர்ந்தால், நம் கல்லூரி நூலகத்தில் சில ஆண்டுகளில் ஓர் அரிய ஏடு உருவாகும். விலங்கியல் துறையார் அவ்வேட்டைக் கொண்டு தம் வலையை எங்கு வீசுவது என்று அறிவர். மீன்துறையார் எதனை எங்கு விடலாகாது என்று தெளிவர்.

காவிரிப் பெருமீனுக்குப் பெயர் உறுதியாகும்வரை காவல் இல்லை. தென்பெண்ணையின் சிறுமீன்களுக்கோ நம் முன்னோர் பெயரிட்டுச் சென்றுள்ளனர். அப்பெயர்களை மறவாதிருத்தலே நம்மால் இயலும் முதற்காவல். வாளை என்றும் வரால் என்றும் ஏட்டிற் படிக்கும் மாணவன், அவை சேயாற்றில் இன்றும் உளவோ என்று ஒருமுறையேனும் சென்று காண்பானாக.